வந்தவருக்கு விருந்து! இருந்தவருக்குத் தண்டம்!

இராசபாளையத்தில் ஒரு குடையைக் கண்டோம். மழைக்காகப் பிடித்த குடையல்ல. மக்களைப் பிடிக்க விரித்த குடை! பஞ்சு மார்க்கெட் பக்கம், சாலையோரத்தில், கண்ணைப் பறிக்கும் வண்ணத்தோடு நின்றது. குடையின் கீழே ஒரு மேசை; மேசைக்குப் பின்னே ஓர் இளைஞன். கழுத்திலே அட்டை, கையிலே கைப்பேசி, நாவிலே தேன்!

நம்மோடு நடந்து வந்தவர் நூற்பாலைத் தோழர் ஒருவர். இரவு ஷிப்ட் முடித்துச் சிவந்த கண்கள். தலைமுடியிலே இன்னும் உதறாத பஞ்சு. அவரைக் கண்டதும் இளைஞன் அழைத்தான்.

"வாங்க அண்ணாச்சி! புது சிம் இலவசம். முதல் ரீசார்ஜ் பாதி விலை. வேற கம்பெனியில இருந்து நம்பரை மாத்திக்கிட்டு வந்தாலும் இதே சலுகைதான்!"

"நான் உங்க கம்பெனிதான் தம்பி. பதினோரு வருசமா இதே நம்பர். எனக்கு என்ன சலுகை?"

இளைஞன் சிரித்தான். ஏளனச் சிரிப்பல்ல, விவரம் தெரியாதவருக்கு விவரம் சொல்லும் சிரிப்பு.

"நீங்க நம்ம ஆளுதானே அண்ணாச்சி! உங்களுக்கு எதுக்குச் சலுகை?"

கேட்டீர்களா, தோழர்களே! நம்ம ஆள்! நம்ம ஆள் என்றால் நெருக்கம் என்று நினைத்தோம். நம்ம ஆள் என்றால் நம்பிக்கை என்று நினைத்தோம். இல்லை, நம்ம ஆள் என்றால், கொடுக்க வேண்டியதில்லை, கேட்க மாட்டான், போக மாட்டான் என்று பொருளாம்!

அந்த இளைஞன்மீது நமக்குக் கோபமில்லை. ஆள் சேர்த்தால் கமிஷன்; சேர்க்காவிட்டால் வெயில்தான் மிச்சம். அவனும் உழைத்துப் பிழைக்கும் பிள்ளை. அவன் வாயிலிருந்து வந்த சொல் அவனுடையதல்ல. எங்கோ குளிரூட்டிய அறையிலே உட்கார்ந்து, யார் போவான், யார் போக மாட்டான் என்று கணக்குப் போட்டவர்களின் சொல் அது.

கொசுறு சொல்லும் பாடம்

அன்று மாலை அதே தோழருடன் திருவில்லிபுத்தூருக்குப் பேருந்து ஏறினோம். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே அவருடைய தாயார் தனியே இருக்கிறார். போகும் வழியில் பால்கோவாக் கடையில் நின்றோம். திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவின் பெருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. 2019இல் புவிசார் குறியீடே பெற்ற பண்டம்.

கடைக்காரர் தோழரைப் பார்த்ததும், "அம்மாவுக்கா?" என்றார். கால் கிலோ நிறுத்தார். நிறுத்த பிறகு, தட்டிலிருந்து இன்னும் ஒரு கரண்டி அள்ளி மேலே வைத்தார். கொசுறு!

எதற்காக அந்தக் கொசுறு? தோழர் பேரம் பேசினாரா? அடுத்த கடைக்குப் போய்விடுவேன் என்று மிரட்டினாரா? ஒன்றுமில்லை. வாடிக்கை! அந்தக் கடைக்காரர் வணிகக் கல்லூரியில் பட்டம் பெற்றவரல்ல. ஆனால் புதிதாக வருகிறவனால் கடை நிறையும், திரும்பத் திரும்ப வருகிறவனால்தான் கடை நிலைக்கும் என்ற உண்மை தெரிந்தவர்.

கைப்பேசிக் கம்பெனிகளும் நம்மை "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்றுதான் விளிக்கின்றன. வாய் இனிக்கிறது, கணக்குப் புத்தகம் கசக்கிறது. வாடிக்கையாக இருப்பவனுக்கு வாடிய முகம். வாடிக்கையே இல்லாதவனுக்கு வாழை இலை! இது எந்த ஊர் வாணிபம்?

மில்லிலே மூப்பு, கைப்பேசியிலே தண்டம்

இராசபாளையம் தொழிலாளிக்கு மூப்பு என்றால் என்னவென்று தெரியும். ஆட்குறைப்பு என்றால் கடைசியாக வந்தவர் முதலில் போக வேண்டும். நீண்ட நாள் உழைத்தவரைத் தொடக்கூடாது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் அதை 25ஜி என்ற பிரிவாக எழுதிவைத்தது. 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்தவரை நிரந்தரமாக்கு என்று 1981இல் தமிழ்நாட்டுச் சட்டம் சொன்னது. இவை தானமாக வந்தவையல்ல. தொழிலாளர் இயக்கங்கள் கேட்டுக் கேட்டுப் பெற்றவை. இருந்தவனுக்கு மதிப்பு என்பது உழைப்பாளி உலகத்தின் அறம்.

அதே தொழிலாளி ஆலை வாயிலைத் தாண்டி, சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்தால், அறம் தலைகீழாகிறது! 480 நாள் ரீசார்ஜ் செய்தாலும் ஒன்றுமில்லை. 4,800 நாள் செய்தாலும் ஒன்றுமில்லை. நேற்று வந்தவனுக்கு உண்டு.

இன்னொரு கணக்கும் கேளுங்கள். நம் தோழர் போடுவது 28 நாள் ரீசார்ஜ். மாதத்துக்கு ஒன்று என்றுதான் அவர் எண்ணியிருந்தார். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: 28ஐ 13ஆல் பெருக்கினால் 364. ஆண்டுக்குச் சம்பளம் 12, ரீசார்ஜ் 13! இந்தச் சூட்சுமத்தைக் கண்டுதான், 30 நாள் திட்டமும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் திட்டமும் ஒவ்வொரு கம்பெனியும் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. திட்டம் வந்தது. நம் தோழருக்குத்தான் செய்தி வரவில்லை. புதுச் சலுகையைக் கூவுவதற்குக் குடை இருக்கிறது. பழையவரின் உரிமையைக் கூவுவதற்குக் குடை ஏது?

ஒரு தாயின் எண்

தாயாரைக் கண்டோம். எழுபதைத் தாண்டியவர். கையிலே பித்தான் அழுத்தும் சிறு கைப்பேசி. அதன்மேல் ரப்பர் வளையம். இணையம் தெரியாது, படம் பார்க்க மாட்டார். இரவு எட்டு மணிக்கு மகன் பேசுவார், அவர் கேட்பார். அதற்குத்தான் அந்தப் பெட்டி.

அவருடைய கணவர் 2006இல் வாங்கிக்கொடுத்த இணைப்பு அது. "வாழ்நாள் இணைப்பு" என்று சொல்லி விற்றார்கள். 2005 கடைசியிலும் 2006லும் கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விற்ற சரக்கு அது. ஒரு முறை பணம் கட்டினால் வாழ்நாள் முழுதும் அழைப்பு வரும் என்றார்கள். 2018 நவம்பரில் அதே கம்பெனிகள், மாதாமாதம் குறைந்தது இவ்வளவு ரீசார்ஜ் செய்தால்தான் இணைப்பு என்று ஆரம்பித்தன. வாழ்நாள் என்றீர்களே, யாருடைய வாழ்நாள் ஐயா அது?

சென்ற ஆண்டு ஒரு மாதம், ஆலையில் தொடர்ந்து கூடுதல் நேர வேலை. தோழர் தாயாருக்கு ரீசார்ஜ் போட மறந்துவிட்டார். தாயாரின் பெட்டி ஊமையாயிற்று. அந்த இரண்டு நாட்களில் அவருக்குக் காய்ச்சல். அழைக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை பேருந்து ஏறி வந்து சொன்ன பிறகே மகனுக்குத் தெரிந்தது. அதைச் சொல்லும்போது தோழர் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டத்தட்ட இருபதாண்டு வாடிக்கை, இரண்டு நாள் தவணைக்குக்கூட ஆகவில்லை!

"வேறு கம்பெனிக்கு மாற்றிவிடலாமே அம்மா?" என்று கேட்டோம்.

"வேண்டாம்ப்பா. இந்த நம்பர் அவுக மனப்பாடமா வச்சிருந்த நம்பர். இதை விட்டுர மாட்டேன்."

தோழர்களே, அந்தத் தாய்க்குத் தெரியாது: கம்பெனியை மாற்றினால் எண் மாறாது என்பது! 2010 நவம்பரில் அரியானாவில் தொடங்கி, 2011 ஜனவரி 20 முதல் நாடெங்கும் நடைமுறையில் இருக்கும் உரிமை அது. 2024க்குள் 100 கோடிக்கும் மேற்பட்ட முறை மக்கள் அந்த உரிமைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள். ஆனால் திருவில்லிபுத்தூர்த் தெருவில் ஒரு தாய்க்கு அது போய்ச் சேரவில்லை. அந்தத் தெரியாமைதான் கம்பெனியின் முதல். அந்தப் பாசம்தான் கம்பெனியின் வட்டி!

தெரிந்தால்கூட அவரால் முடிந்திருக்குமா? மாறிச் செல்ல 1900 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். குறைந்த விலை ரீசார்ஜ்களில் குறுஞ்செய்தி வசதியையே எடுத்துவிட்டிருந்தார்கள்! அதாவது, ஏழை வெளியேறும் கதவுக்குப் பூட்டு. 2021 டிசம்பரில் டிராய் தலையிட்டு, எவ்வளவு சிறிய ரீசார்ஜ் போட்டவரும் 1900க்குச் செய்தி அனுப்ப வழி விட வேண்டும் என்று ஆணையிட்ட பிறகே அந்தப் பூட்டு உடைந்தது.

வருகிறவன், போகிறவன், இருக்கிறவன்

கம்பெனியின் கண்ணுக்கு மனிதர்கள் மூன்று வகை. வருகிறவனுக்கு வரவேற்பு. போகிறவனுக்குக் கெஞ்சல்: மாறுகிறேன் என்று செய்தி அனுப்பிப் பாருங்கள், அடுத்த மணியிலேயே அழைப்பு வரும், அதுவரை இல்லாத தள்ளுபடி பிறக்கும். இருக்கிறவனுக்கு? ரசீது! வந்தால் மாலை, போனால் கண்ணீர், இருந்தால் கட்டணம்!

தனியார் மட்டும்தானா இப்படி? அரசின் நிறுவனத்தையும் பார்ப்போம். 2025 ஆகஸ்டில் பி.எஸ்.என்.எல். ஒரு ரூபாய்க்கு 30 நாள் திட்டம் ஒன்றை அறிவித்தது: அளவில்லாப் பேச்சு, நாளுக்கு 2 ஜி.பி. இணையம், சிம் இலவசம். பெயர் சுதந்திரச் சலுகை. யாருக்கு? புதிதாகச் சேர்கிறவருக்கு மட்டும்! கோபுரம் சரியில்லை, வேகம் இல்லை என்று ஊரே சொன்ன காலத்திலும், நம்முடைய நிறுவனம் என்று விடாமல் இருந்தவருக்கு அந்த ஒரு ரூபாய்ச் சுதந்திரம் இல்லை. ஆகஸ்ட் 15 எல்லோருக்கும் பொதுவென்றல்லவா நினைத்திருந்தோம்!

'வகுப்பு' என்ற ஓட்டை

இதைத் தடுக்கச் சட்டமே இல்லையா? இருக்கிறது. 1999ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புக் கட்டண ஆணை சொல்கிறது: ஒரே வகுப்பைச் சேர்ந்த சந்தாதாரர்களிடையே பாகுபாடு காட்டக்கூடாது; மனம் போனபடி வகுப்புப் பிரிக்கவும் கூடாது. நல்ல வாசகம். ஆனால் அந்த "ஒரே வகுப்பு" என்ற சொல்லிலே ஒரு ஓட்டை! "புதியவர் ஒரு வகுப்பு, பழையவர் ஒரு வகுப்பு" என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. மனிதனை வகுப்பாகப் பிரித்து, ஒருவனுக்கு விருந்தும் ஒருவனுக்கு விரதமும் வகுக்கும் வித்தை நம் நாட்டுக்குப் புதிதா?

2018 பிப்ரவரியில் டிராய், ஆளுக்கொரு விலையாக மறைவில் தரும் சலுகைகளையும் எமக்குத் தெரிவியுங்கள் என்றது. கம்பெனிகள் தீர்ப்பாயத்துக்கு ஓடின. அந்த ஆண்டு டிசம்பரில் தீர்ப்பு அவர்கள் பக்கம் சாய்ந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 2020 நவம்பர் 6இல், கேட்ட விவரத்தை டிராயிடம் கொடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. டிராய்க்குத் தெரியும், நமக்குத் தெரியுமா? பக்கத்து வீட்டுக்காரன் அதே சரக்குக்கு என்ன விலை கொடுக்கிறான் என்பது பணம் கட்டுகிறவனுக்குத் தெரியாத சந்தை, என்ன சந்தை?

இன்னொரு கட்டளையும் உண்டு: எண்ணை மாற்றி வருபவருக்கென்று கடைகள் வழியே தனிச் சலுகை காட்டிப் பாகுபாடு செய்யாதீர். கட்டளை காகிதத்தில் இருக்கிறது. குடை சாலையில் இருக்கிறது.

முதலாளியின் வாதம்

"புதுக் கடை திறந்தால் முதல் நாள் தள்ளுபடி கொடுப்பதில்லையா? புதியவரை இழுக்காமல் தொழில் நடக்குமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, பதில் சொல்வோம்.

புதுக் கடை தள்ளுபடி கொடுக்கட்டும். 2016 செப்டம்பர் 5இல் ஜியோ வந்தது. 2017 மார்ச் வரை இலவசம் என்றது. அங்கே எல்லோரும் புதியவர், எல்லோருக்கும் இலவசம். நாம் குறை சொன்னோமா? நாம் கேட்பது வேறு. பழைய கடை, பழைய வாடிக்கைக்காரனிடம் கூட்டி வாங்கி, அந்தப் பணத்தில் புதியவனுக்குக் கொசுறு போடுவது எந்த நியாயம்?

"பிடிக்கவில்லையென்றால் வேறு கம்பெனிக்குப் போ" என்பார்கள். போக எத்தனை இடம் இருக்கிறது? 2010 வாக்கில் பத்துக்கு மேற்பட்ட கம்பெனிகள் கூவின. தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் படுத்தது. சிக்னல் இல்லாமல், வேறு கம்பெனிக்கு மாற எண் வாங்க, மக்கள் வரிசையில் நின்றதை மறந்தோமா? அந்த ஆண்டே வோடபோனும் ஐடியாவும் ஒன்றாயின. எஞ்சியவை மூன்று தனியார் கம்பெனிகளும் அரசின் நிறுவனமும்தான். 2019, 2021, 2024 என்று மூன்று முறை தனியார் கட்டணம் ஏறியது; ஒருவர் ஏற்றினால் அடுத்தடுத்த நாளில் மற்றவரும் ஏற்றினார்கள். ஆகவே, போவது மட்டும் போதாது, விதியும் வேண்டும்.

ஆனாலும், போனவர்களின் வலிமையும் சிறிதல்ல. 2024 ஜூலையில் தனியார் விலையேற்றியபோது, விலையேற்றாத பி.எஸ்.என்.எல். பக்கம் அந்த ஒரே மாதத்தில் ஏறத்தாழ 29 லட்சம் இணைப்புகள் கூடின. மூன்று தனியாருக்கும் எண்ணிக்கை குறைந்தது. தனி மனிதன் முணுமுணுத்தால் அது முனகல். லட்சம் பேர் நகர்ந்தால் அது முழக்கம்!

கடல் கடந்த செய்தி

பிரிட்டனில் இந்த நோய்க்குப் பெயரே வைத்துவிட்டார்கள்: விசுவாசத் தண்டம். 2018இல் அங்குள்ள குடிமக்கள் ஆலோசனை அமைப்பு கணக்கெடுத்து, கைப்பேசி, இணையம், காப்பீடு, வீட்டுக்கடன், சேமிப்பு ஆகிய ஐந்திலும் பழைய வாடிக்கையாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி பவுண்டு கூடுதலாகக் கொடுப்பதாக அரசிடம் முறையிட்டது. விளைவு? 2020 பிப்ரவரி முதல், ஒப்பந்தம் முடியும் முன்பே வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். உன்னிடம் உள்ள சிறந்த விலை எது, புதியவருக்கு என்ன விலை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. 2022 ஜனவரி முதல், வீட்டுக் காப்பீட்டிலும் வாகனக் காப்பீட்டிலும் புதுப்பிக்கும் பழையவரிடம் புதியவரைவிடக் கூடுதல் கேட்கவே கூடாது என்று தடை வந்தது. முதலாளித்துவத்தின் தாய்வீட்டிலேயே முடிந்தது, இங்கே முடியாதா?

இங்கும் கேட்டால் கிடைக்கும். பேச மட்டும் கைப்பேசி வைத்திருப்பவர் ஏன் இணையத்துக்கும் பணம் கட்ட வேண்டும் என்ற கேள்வி எழுந்தது; 2024 டிசம்பரில் டிராய், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் வைத்தே ஆக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் திட்டங்கள் வந்தன.

செய்ய வேண்டியது என்ன?

நாம் கேட்பவை மூன்று. ஒன்று: ஒரு கம்பெனி புதியவருக்கு அறிவிக்கும் எந்தத் திட்டமும் அதே கம்பெனியின் பழையவருக்கும் திறந்திருக்க வேண்டும். இரண்டு: ரீசார்ஜ் முடியும்போது, "உங்கள் பயன்பாட்டுக்கு ஏற்ற மலிவான திட்டம் இது" என்று தமிழிலே செய்தி வர வேண்டும். மூன்று: மறைவில் தரும் சலுகைகள் டிராயின் பெட்டிக்குள் உறங்காமல், மக்கள் பார்வைக்கு வர வேண்டும்.

விதி வரும்வரை கை கட்டி நிற்கவும் வேண்டாம். ஒரு கம்பெனியில் 90 நாள் முடித்த எவரும் மாறலாம். PORT என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து, இடம் விட்டுத் தம் எண்ணை அடித்து, 1900க்கு அனுப்பினால் எட்டெழுத்துக் குறியீடு வரும். நான்கு நாள் செல்லும். குறை இருந்தால் கம்பெனியிடம் புகார் எண் வாங்குங்கள். தீராவிட்டால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள். அதிலும் தீராவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கைப்பேசி வழக்கு அங்கே செல்லாது என்று கம்பெனிகள் வாதாடின. செல்லும் என்று 2022 பிப்ரவரி 16இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 5 லட்சம் ரூபாய்க்குட்பட்ட வழக்குக்குக் கட்டணமும் இல்லை. விருதுநகர் மாவட்டத்தாருக்கு அந்த ஆணையம் எங்கே? தாயார் வாழும் அதே திருவில்லிபுத்தூரில்!

மன்றத்துத் தோழர்களே, படிப்பகத்துத் தம்பிகளே! உங்கள் தெருவில் பித்தான் கைப்பேசி வைத்திருக்கும் முதியவர் எத்தனை பேர்? ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு மேசை போடுங்கள். அவர்கள் எந்தத் திட்டத்தில் இருக்கிறார்கள், எது மலிவு, எது உரிமை என்று எடுத்துச் சொல்லுங்கள். குடைக்கு எதிரே ஒரு மேசை! அதுவும் நல்ல போராட்டம்தான்.

திருவில்லிபுத்தூரில் பெரிய தேர் ஒன்று நிற்கிறது. தேரின் மேலிருப்பது பற்றி நம் கருத்து ஊரறிந்தது, அதை விடுங்கள். வடத்தைப் பாருங்கள். ஒருவன் இழுத்தால் அசையாத தேர், ஊர் கூடிப் பிடித்தால் தெருவெல்லாம் வலம் வருகிறது. கம்பெனி எவ்வளவு பெரிய தேரானாலும், வடம் நம் கையில்!

புறப்படும்போது தாயாரிடம் தோழர் மெல்லச் சொன்னார்: "அம்மா, கம்பெனி மாறினாலும் அய்யா வச்சிருந்த நம்பர் அப்படியே இருக்குமாம்."

தாயார் ரப்பர் வளையத்தை விலக்கி, அந்தச் சிறு பெட்டியை மகன் கையில் கொடுத்தார்.

"அப்ப மாத்திரு."